குரலை வெட்டி எதிரொலியை விட்டவர்கள்

1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், வாட்டர்ஹவுஸ் பகுதியில் ஒலிக்கலவைக் கலைஞர் கிங் டப்பி வைத்திருந்த ஸ்டுடியோ அவருடைய வீட்டுக்குள்தான் இருந்தது. ஒரு குழு உட்கார்ந்து வாசிக்க அங்கே இடம் போதாது. பன்னி லீ போன்ற தயாரிப்பாளர்கள் வேறு இடத்தில் பதிவு செய்த, ஜமைக்காவின் ரெக்கே இசைப் பாட்டு டேப்புகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். இசைத்தட்டின் மறுபக்கத்துக்கு அதே பாட்டின் இன்னொரு வடிவம் வேண்டும்; வாசிப்பவர்களுக்கு மறுபடி கூலி கொடுக்கவும் கூடாது. பதிவான பாட்டையே பிரித்து, எதிரொலி சேர்த்து மறுபடி கலக்கும் டப் இசை வளர்ந்ததில் இந்தக் காசுக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

டேப்பில் ஒலிகளைத் தனித்தனியே பதிய நான்கே தடங்கள். டிரம்ஸ், பாஸ், கிதார்–கீபோர்டு, குரல் என்று பெரும்பாலும் பிரிந்திருக்கும். டப்பி குரலை இறக்கிவிட்டு, டிரம்ஸையும் பாஸையும் மட்டும் ஓட விடுவார். நடுவில் குரலின் ஒரே ஒரு சொல்லைத் திறந்து, எதிரொலி எழுப்பும் டேப் கருவிக்கு அனுப்பி, உடனே மூடிவிடுவார். பாடியவர் போய்விடுவார், அந்தச் சொல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அது எப்படிச் சுற்றுகிறது? டேப் கருவியில் ஒலியைப் பதியும் ஹெட் ஒன்று, படிக்கும் ஹெட் இன்னொன்று. இரண்டுக்கும் 3 அங்குல இடைவெளி, டேப்பின் வேகம் நொடிக்கு 7.5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பதிந்த ஒலி 0.4 நொடி கழித்துத் திரும்பக் கேட்கும். நிமிடத்துக்கு 75 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு 0.8 நொடி. ஆக எதிரொலி சரியாக அரைத் தட்டில் வந்து விழுந்து தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். படித்த ஒலியில் கொஞ்சத்தைப் பதியும் ஹெட்டுக்கே திருப்பிவிட்டால், எதிரொலிக்கு எதிரொலி பிறக்கும். ஒவ்வொரு சுற்றிலும் டேப் உச்ச சுருதி ஒலிகளைக் கொஞ்சம் தின்றுவிடும். அதனால் சொல் மங்கி மங்கித் தூரத்துக்குப் போவதுபோலத் தோன்றும். திருப்பிவிடும் அளவு எல்லை மீறினால், ஒலி தணியாமல் பெருகி ஊளையிடும். அந்த விளிம்புவரை போய்த் திரும்புவதில்தான் கை வித்தை இருக்கிறது.

டப்பி ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் பழுது பார்த்தவர், கருவிகளைத் திறந்து பார்க்கப் பயப்படாதவர். தடங்களைக் கலக்கும் அவரது மிக்சரில், தாழ்ந்த சுருதி ஒலிகளை அரித்தெடுக்கும் ஒரு பெரிய திருகு இருந்தது. 70 ஹெர்ட்ஸில் தொடங்கிப் படிப்படியாக 7,500 ஹெர்ட்ஸ் வரை திருகிக்கொண்டே போனால், டிரம்ஸ் மெலிந்து மெலிந்து வெறும் சீறலாகிவிடும். பெரிய கூடத்தில் கேட்பதுபோல ஒலிக்கு முழக்கம் தரும் ரிவர்ப் பெட்டிக்குள் ஒலியைச் சுமந்து அதிர்வது ஸ்பிரிங்தான். ஓடும்போது பெட்டியைத் தட்டினால் ஸ்பிரிங் குலுங்கி இடி இடிக்கும். அந்த இடியையும் டப்பி இசையில் சேர்த்துக்கொண்டார்.

அகஸ்டஸ் பாப்லோ தயாரித்து ஜேக்கப் மில்லர் பாடிய ஒரு பாட்டை டப்பி அப்படித்தான் பிரித்துப் போட்டார். அந்த டப் வடிவத்தில் மில்லரின் குரல் துண்டு துண்டாக வந்து கரைகிறது. மூலப் பாட்டைவிட எனக்கு அதுதான் மனசில் நிற்கிறது.

டப்பியோடு சேர்ந்து வேலை செய்த தயாரிப்பாளர் லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரியின் வழி நேர் எதிர். வீட்டுக் கொல்லையில் 1973இல் கட்டிய பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில், அவர் மேலும் மேலும் சேர்த்துக்கொண்டே போனார். அங்கேயும் நான்கு தடம்தான். நிரம்பியதும் எல்லாவற்றையும் கலந்து ஒரு தடத்துக்கு மாற்றிவிட்டு, காலியான தடங்களில் புதிதாகப் பதிவார். ஒவ்வொரு மாற்றத்திலும் கூர்மை கொஞ்சம் குறையும், டேப்பின் இரைச்சல் கொஞ்சம் கூடும். பெர்ரியின் பதிவுகளில் பனிமூட்டம்போலக் கேட்கும் அந்த அடர்த்திக்கு இதுவும் ஒரு காரணம்.