பழைய வீட்டைப் போர்ஷன்களாகப் பிரிக்கும் முன் கூரையைப் பாருங்கள்

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, புரசைவாக்கம் போன்ற பகுதிகளில் தாத்தா காலத்து வீட்டை வைத்திருப்பவர்கள், அதை நான்கைந்து போர்ஷன்களாகப் பிரித்து வாடகைக்கு விடும் எண்ணத்தோடு என்னைப் போன்ற கட்டுமானப் பொறியாளர்களிடம் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் வரைபடத்தில் அறைகளும் சமையல் மேடைகளும் போர்ஷனுக்கொரு கழிவறையும் இருக்கும்; எந்தச் சுவர் எந்தச் சுமையைத் தாங்குகிறது என்ற குறிப்பு பெரும்பாலும் இருக்காது.

இவ்வீடுகள் பலவற்றில் கான்கிரீட் தூண்களே கிடையாது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர்கள்தாம் கூரையைத் தாங்குகின்றன. அந்தக் கூரையும் பல வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் ஆகவே இருக்கிறது. அதாவது, மரச்சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லிக் காரையும் தட்டையான ஓடுகளும் பதித்த அமைப்பு. ஈரம் படாதவரை அது தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். ஆனால் சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் மரம் உள்ளே உளுத்துப்போகும்.

ஆகவே மாடியில் கழிவறை எங்கே வருகிறது என்பதை வைத்துத்தான் எத்தனை போர்ஷன் என்பதை முடிவுசெய்ய வேண்டும். மரக்கூரையின் மேல் கழிவறை கட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பின்புறமாகத் தனி அஸ்திவாரத்தில் கழிவறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிச் சேர்த்தால் குழாய்களும் நேராக இறங்கும், பழுதுபார்ப்பதும் எளிது. அதற்கு இடம் இல்லையென்றால் ஒரு போர்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாடி அறையைத் தடுக்கச் செங்கல் சுவர் எழுப்புவதும் ஆபத்தானது. பத்தடி உயரமுள்ள நாலரை அங்குலச் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கே 600 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. வீட்டுத் தளங்களில் ஆட்கள், சாமான்களுக்காக நாங்கள் கணக்கிடும் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோதான். இலேசான பலகைத் தடுப்பே போதும். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன் ஆகிவிடும் என்பதால், அதைக் கூரையின் நடுவில் வைக்காமல், சுவரிலிருந்து சுவருக்குப் போட்ட இரும்பு உத்திரங்களின் மேல் அமர்த்த வேண்டும்.

குழாய்க்கும் வயருக்கும் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது கொத்தனாரின் அருகில் நில்லுங்கள். சுமை தாங்கும் சுவரில் செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது. ஒன்பது அங்குலச் சுவரில் இது முறையே மூன்று அங்குலமும் ஒன்றரை அங்குலமும் ஆகும். ஓதம் ஏறிய சுவரைச் சிமெண்டால் பூசி மறைப்பதும் தவறு. வெளியேற வழியற்ற ஈரம் மேலும் உயரத்துக்கு ஏறும். அங்கே மீண்டும் சுண்ணாம்புப் பூச்சுதான் ஏற்றது.

பழைய வயரிங்கை முழுவதும் அகற்றிவிட்டு, ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர், முறையான எர்த், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பான் ஆகியவற்றைப் பொருத்துங்கள். குடித்தனக்காரர் வீட்டுக் குழந்தையின் உயிர் இதைப் பொறுத்தது. வாடகைக் கணக்கில் இதைச் செலவாக எண்ணித் தள்ளிப்போடாதீர்கள்.

குடியிருப்பு அலகுகளைக் கூட்டுவதற்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி அனுமதி தேவையா என்பதை, வேலைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அதே கட்டத்தில், கூரையின் மரச்சட்டங்கள் சுவருக்குள் நுழையும் இடங்களில் பூச்சைச் சிறிது திறந்து, மரத்தை ஒரு பொறியாளரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள். மதிப்பீட்டைப் போடுவது அதன் பிறகு இருக்கட்டும்.