'டிரைவர் நின்றுவிட்டது' என்று வந்தால் உடனே டிரைவரில் கை வைக்காதீர்கள்

மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் இப்போது பிளான் காகிதத்தோடு விடுவதில்லை. எலிவேஷன் படம் (வீட்டின் வெளித் தோற்றம்) வேண்டும், அதுவும் டிவியில் போட்டு வீடே உட்கார்ந்து பார்க்கிற மாதிரி 4கே-யில் வேண்டும் என்கிறார்கள். அண்ணா நகர், கே.கே. நகர்ப் பக்கம் இந்த வேலை செய்கிறவர்களிடம் பேசினால் ஒரே புலம்பல்தான்: சின்ன சைஸில் ரெண்டர், அதாவது கம்ப்யூட்டர் அந்தப் படத்தை வரைந்து முடிப்பது, அழகாக ஓடுகிறது, 4கே போட்டால் திரை ஒரு கணம் கறுத்து, டிஸ்ப்ளே டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) நின்று மீண்டது என்று ஒரு செய்தி வந்து, சாஃப்ட்வேர் மூடிக்கொள்கிறது. செய்தியில் டிரைவர் பெயர் இருப்பதால் எல்லோரும் முதலில் டிரைவரை அழித்துப் புதிதாகப் போடுகிறார்கள். பல நேரம் அன்று ராத்திரியே மறுபடியும் அதே கதை.

அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து டிடிஆர் (TDR, Timeout Detection and Recovery) என்று ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கொடுத்த வேலையை ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டில் கணக்குப் போடும் சிப், முடிக்க வேண்டும், அல்லது கேட்டவுடன் நடுவில் நிறுத்தி வழிவிட வேண்டும். இரண்டும் 2 விநாடிக்குள் நடக்கவில்லை என்றால் கார்டு உறைந்துவிட்டது என்று விண்டோஸ் முடிவு கட்டி, டிரைவரையும் கார்டையும் ரீசெட் செய்துவிடும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் டைம் கீப்பர் மாதிரி. நேரம் ஆனால் விசில்தான், உள்ளே யார் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. கார்டு உண்மையிலேயே செத்துக் கிடக்கிறதா, இல்லை உயிரோடு பெரிய கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு நிமிடத்துக்குள் 5 தடவைக்கு மேல் இப்படி நடந்தால் ரீசெட்டும் கிடையாது, நேராக நீலத்திரை.

4கே என்றால் 3840-க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் பிக்சல். ஃபுல் எச்டியைப் போல 4 மடங்கு. 8கே போனால் 16 மடங்கு. கண்ணாடி ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, நிறைய மரஞ்செடி என்று காட்சி கனமாக இருந்து, சாஃப்ட்வேரும் அந்த முழுப் படத்தையும் ஒரே மூச்சில் கார்டிடம் தள்ளினால் 2 விநாடி எங்கே போதும்?

மெமரி தனிப் பிரச்சினை. 8கே-யில் ஒரே ஒரு லேயர், நிறத்துக்கும் ஆல்ஃபாவுக்குமாக (ஒளி ஊடுருவும் அளவு) பிக்சலுக்கு 16 பைட் என்று வைத்தால் 530 எம்பி வருகிறது. நிழல், பிரதிபலிப்பு, ஆழம், டீநாய்ஸ் (புள்ளி நீக்கம்) என்று பத்து லேயர் கேட்டால் 5 ஜிபி போயிற்று, வீட்டை இன்னும் ஏற்றவே இல்லை. சுவர் மேல் ஒட்டும் படமான டெக்ஸ்சர், 8192-க்கு 8192 பிக்சலில் ஒன்று, சுருக்காமல் ஏற்றினால் 256 எம்பி. கார்டின் மெமரி நிரம்பியதும் சிஸ்டம் ரேமுக்கு வழிய ஆரம்பிக்கும், அந்தப் பாதை மெதுவானது, வேலை இழுக்கும், இழுத்தால் மறுபடியும் அதே 2 விநாடிச் சிக்கல். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து டெடிகேட்டட் ஜிபியு மெமரிக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ரெண்டர் போடுங்கள். உச்சியில் முட்டியதும் விழுந்தால் சந்தேகமே வேண்டாம், மெமரிதான்.

இதற்கு உண்மையான மருந்து வேலையைத் துண்டாக்குவது. பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில், 3.0 முதல் அதன் சைக்கிள்ஸ் ரெண்டர் எஞ்சினில் டைல் (ஒரு தடவைக்கு வரையும் துண்டு) அளவு 2048 என்றே வருகிறது. அதை 1024 அல்லது 512 ஆக்கினால் படத்துக்காகப் பிடிக்கும் மெமரி குறையும். அன்ரியல் எஞ்சினில் ரெண்டர் எடுப்பவர்கள் மூவி ரெண்டர் க்யூவின் ஹை ரெசொல்யூஷன் அமைப்பில் டைல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ரெண்டர் கொஞ்சம் மெதுவாகும், ஆனால் முடியும். ராத்திரி முழுக்க ஓடி விடிகாலையில் விழுகிற வேகமான ரெண்டரைவிட அது எவ்வளவோ மேல்.

அதற்கப்புறமும் விழுந்தால் காவல் நேரத்தை நீட்டலாம். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் HKEY_LOCAL_MACHINE-இன் கீழ் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிராஃபிக்ஸ்டிரைவர்ஸ் என்று போய், டிடிஆர்டிலே (TdrDelay), டிடிஆர்டிடிஐடிலே (TdrDdiDelay) என்று இரண்டு டிவேர்டு (DWORD, எண் வைக்கும் பதிவு) உருவாக்கி 60 விநாடி கொடுங்கள். டெசிமல் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடியுங்கள், ஹெக்ஸில் 60 என்றால் 96 ஆகிவிடும். தொடுவதற்கு முன் ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுங்கள், முடித்ததும் ரீஸ்டார்ட். இந்தக் காவலையே முழுக்க அணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள். கார்டு நிஜமாகவே உறைந்தால் மெஷினே உறைந்து நிற்கும்.

இனி கரண்ட். திரை மட்டும் கறுத்து மீண்டால் டிடிஆர், விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 4101 என்று பதிவாகியிருக்கும். மெஷின் முழுக்கப் பட்டென்று அணைந்தால் அது வேறு, அங்கே கெர்னல் பவர் 41 இருக்கும், எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குள் இருக்கும் பவர் சப்ளை) பக்கம் போங்கள். பெரிய கார்டுகள் சில மில்லி விநாடிகளுக்கு, போட்டிருக்கும் வாட்டைவிட நிறையவே இழுக்கும். 600 விஏ என்று போட்ட சின்ன யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், 300 வாட் கார்டும் பிராசஸரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினால் அது எங்கே நிற்கும்? கார்டுக்கு இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டாதீர்கள்.

கத்திரி வெயிலில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபேன் காற்று அறைக் காற்றுதானே. அறை 24 டிகிரியில் இருக்கும்போது கார்டு 70-இல் ஓடினால், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் 84 பக்கம் போய் நிற்கும். சூட்டில் கார்டு முதலில் வேகத்தைத்தான் குறைக்கும். ஓவர்கிளாக் (நிர்ணயித்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுவது) போட்டிருந்தாலோ, தூசி அடைத்து ஃபேன் திணறினாலோ கணக்குத் தப்பி விழவும் செய்யும். கடையிலிருந்து வரும்போதே ஓவர்கிளாக் செய்யப்பட்ட கார்டுகளும் இருக்கின்றன, அதையும் பாருங்கள்.

கரண்டா வெப்பமா டிரைவரா என்று குழம்பினால் ஒரு சோதனை: கார்டு இழுக்கும் கரண்டுக்கான உச்ச வரம்பை, அதாவது பவர் லிமிட்டை, 70 சதவீதமாக்கி அதே காட்சியை ஓட்டுங்கள். முன்பு விழுந்த இடத்தைத் தாண்டினால் கரண்ட் அல்லது வெப்பம். அப்போதும் விழுந்தால், படத்தைப் பாதியாகச் சுருக்கிப் பாருங்கள். ஓடினால் நேரம் அல்லது மெமரி. அதுவும் சரிப்படாவிட்டால்தான் டிரைவரின் முறை. டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) என்ற கருவியை வைத்துப் பழையதைச் சுத்தமாக நீக்கி, என்விடியா என்றால் ஸ்டுடியோ டிரைவர் போடுங்கள். ஃபுல் எச்டியிலும், குறைந்த பவரிலும், புது டிரைவரிலும் விழுகிற கார்டை வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்துவிட்டு, அங்கேயும் அதே கதை என்றால் ஈவென்ட் வியூவர் பதிவைச் சேமித்துக்கொண்டு வாரண்டிக்குக் கொண்டுபோங்கள்.