காத்திருக்கும் பிள்ளையும் சொல் தவறாத பெரியவரும்

பிள்ளைகளின் நடத்தை பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் பெற்றோர், யாழ்ப்பாண நகரத்துக்குள் இருந்து வந்தாலும் வடமராட்சியில் இருந்து வந்தாலும், பெரும்பாலும் ஒரே முறைப்பாட்டுடன்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள்: பிள்ளைக்குப் பொறுமை இல்லை, கேட்டது உடனே கிடைக்காவிட்டால் நிலத்தில் விழுந்து புரளுகிறது. இணையத்தில் பார்த்துவிட்டு, வீட்டு மேசையில் ஒரு கண்டோஸ் சொக்லேற் துண்டை வைத்துத் தாங்களே சோதித்து, பிள்ளை அதை உடனே எடுத்து வாயில் போட்டுவிட்டது என்று கவலையோடு வருபவர்களும் உண்டு.

அந்தச் சோதனையை 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் தொடங்கியவர் உளவியலாளர் வோல்டர் மிஷெல். இப்போதே என்றால் ஓர் இனிப்பு, நான் திரும்பி வரும்வரை இருந்தால் இரண்டு என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் அறையை விட்டு வெளியே போய்விடுவார். கூடுதல் நேரம் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பிலும் நல்ல புள்ளிகள் எடுத்ததாக 1990இல் வெளியான தொடராய்வு கூறியது. ஆனால் 2018இல், ஏறத்தாழ 900 பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு வெளியான ஆய்வில் அந்தத் தொடர்பு பாதியளவே தெரிந்தது. குடும்பச் சூழலையும் பிள்ளையின் ஆரம்பகாலத் திறன்களையும் கணக்கில் எடுத்தபோது அதிலும் பெரும்பகுதி மறைந்து போனது. ஆகவே நான்கு வயதில் கண்டோஸை உடனே தின்ற பிள்ளையின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றை நினைத்து இப்போதே கலங்கத் தேவையில்லை.

பெற்றோர் அறிய வேண்டியது, ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட வேறோர் ஆய்வு. 3 முதல் 5 வயது வரையான 28 பிள்ளைகளிடம், இனிப்பை வைப்பதற்கு முன்னரே, படம் வரைய நல்ல பொருட்கள் கொண்டு வருவதாக ஒருவர் வாக்குக் கொடுத்தார். பாதிப் பேருக்கு அவர் சொன்னபடியே கொண்டு வந்து கொடுத்தார். மற்றவர்களிடம் வெறுங்கையுடன் வந்து, இல்லையாம் என்று கைவிரித்தார். பிறகு இனிப்பை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடங்கள்தான் இருந்தார்கள்.

இதை நான் என் அறையிலேயே காண்கிறேன். நான்கு வயது மகனை அழைத்து வந்த ஒரு தாயிடம், "போன் கேட்டால் என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன். "சார்ஜ் முடிஞ்சுது எண்டு சொல்லுவன் மிஸ்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைப்பைக்குள் போன் அடித்தது. பிள்ளை தாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் பையின் சிப்பை இழுக்கத் தொடங்கினான். கடை பூட்டியாச்சு, நாளைக்கு வாங்கித் தாறன், கனடா மாமா வரேக்க சைக்கிள் கொண்டு வருவார் என்று நாம் பிள்ளையின் வாயை அடைக்கச் சொல்லும் ஒவ்வொன்றையும் பிள்ளை நினைவில் வைத்திருக்கிறது. சொன்னது வராது என்று அனுபவத்தில் கண்ட பிள்ளை, கைக்கு எட்டியதை உடனே பறிப்பதைப் பொறுமையின்மை என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே முதலில் பெரியவர்களிடம் நான் கேட்பது, குறைவாக வாக்குக் கொடுங்கள், கொடுத்ததை அன்றைக்கே நிறைவேற்றுங்கள் என்பதுதான். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடம் என்பது விளங்காது. "சோறு வடிச்ச உடனே", "அப்பா குளிச்சிட்டு வந்த உடனே" என்றால் விளங்கும். அந்த நேரம் வந்ததும், பிள்ளை மறந்திருந்தாலும்கூட, நீங்களே கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

காத்திருக்கும் பொருளைக் கண்முன்னே வைத்துவிட்டுத் தொடாதே என்று அதட்டுவதும் வீண். மிஷெலின் பரிசோதனைகளிலேயே, இனிப்பு மூடி வைக்கப்பட்டபோதும் மனதுக்குப் பிடித்த வேறொன்றை நினைக்கச் சொல்லப்பட்டபோதும் பிள்ளைகள் பல மடங்கு நேரம் பொறுத்திருந்தார்கள். சிலர் பாடினார்கள், சிலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். எனவே போனை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பிள்ளையை அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி முருங்கையிலை உருவக் கொடுங்கள், அல்லது படலையடியில் நின்று போகிற மோட்டார்சைக்கிள்களை எண்ணச் சொல்லுங்கள்.

எங்கள் வீடுகளில் காத்திருக்கும் பழக்கமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. போனுக்காக வீட்டை இரண்டாக்கும் அதே பிள்ளை, தைப்பொங்கல் அன்று முற்றத்தில் பானை பொங்கி, வாழையிலையில் படைத்து, சூரியனுக்குக் கற்பூரம் காட்டி முடியும்வரை சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல் நிற்கிறது. அங்கே அப்பா, அம்மப்பா, மாமி எல்லாரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள் என்பதையும், முடிந்ததும் தன் பங்கு தவறாமல் வரும் என்பதையும் பிள்ளை அறியும். ஜப்பானியப் பிள்ளைகளையும் அமெரிக்கப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வும் இதனுடன் ஒத்துப்போகிறது: எல்லாரும் சேர்ந்து உண்ணத் தொடங்கும் வழக்கமுள்ள ஜப்பானியப் பிள்ளைகள் உணவுக்காக அதிக நேரம் காத்திருக்க, நத்தார் பரிசுப் பொதியைப் பிரிக்காமல் வைத்துப் பழகிய அமெரிக்கப் பிள்ளைகள் பரிசுக்காக அதிக நேரம் காத்திருந்தார்கள். பிள்ளையின் கண்முன்னே சாப்பாட்டு மேசையில் போனைத் தட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இதையும் சற்று யோசிக்கலாம்.

பூவரசந்தடியைக் காட்டியோ, பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று வெருட்டியோ பிள்ளையை அடக்கி வைப்பதை நான் காத்திருத்தல் என்று கணக்கில் எடுப்பதில்லை. தடி மறைந்ததும் கை நீளும்.

வயதையும் பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் இதை எதிர்பார்க்கவே கூடாது. தன்னை அடக்கும் ஆற்றலுக்குத் துணை நிற்கும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பசியிலும் தூக்கக் கலக்கத்திலும் இருக்கும் பிள்ளைக்கும் அது முடியாது. ஆனால் ஐந்து வயதை நெருங்கும் பிள்ளை வீட்டில் மட்டுமல்லாமல் முன்பள்ளியிலும் தன் முறை வரும்வரை நிற்க முடியாமல், எந்த விளையாட்டிலும் தரிக்காமல், மாதக்கணக்காக அலைக்கழியுமானால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்; அவர் உரிய வைத்தியரிடம் வழிப்படுத்துவார். போகும்போது முன்பள்ளி ஆசிரியை தான் கண்டவற்றை எழுதித் தந்த ஒரு தாளையும் கொண்டு போங்கள், ஏனென்றால் வைத்தியரின் அறையில் சிறிது நேரம் மட்டும் இருக்கும் பிள்ளை பல வேளைகளில் அமைதியாகவே இருந்துவிடும்.