என்சைம் ஊத்துனா ஈயம் போயிடுமா?

பெங்களூருல ஏரிக்கரை ஓரமா அப்பார்ட்மெண்ட்ல இருக்குறவங்களும் சரி, பீன்யா தொழிற்பேட்டையில சின்னதா பிளேட்டிங் (உலோகப் பூச்சு போடுற) யூனிட் வச்சிருக்குறவங்களும் சரி, இப்போ என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான்: "சார், என்சைம் போட்டா ஹெவி மெட்டல் எல்லாம் போயிடும்னு சொல்றாங்களே, நெஜமா?" கழிவுநீர், மாசுபட்ட மண்ணு, இதுதான் என் வேலைங்கிறதால நேராவே சொல்லிடுறேன். சில மெட்டலுக்கு, சில இடத்துல, சரியா பண்ணா நல்லாவே வேலை செய்யும். ஆனா மெட்டல் எங்கயும் போகாது. ஈயம், காட்மியம் எல்லாம் தனிமம், எந்தக் கிருமியும் அதைத் தின்னு தீர்க்க முடியாது, நம்மால ஆகுறதெல்லாம் அதைத் தண்ணியில கரையாத ரூபத்துக்கு மாத்தி இருக்குற இடத்துலயே கட்டிப்போடுறது மட்டும்தான்.

அப்படிக் கட்டிப்போட உதவுறது யூரியேஸ்ங்கிற என்சைம். சோயா, தர்பூசணி விதை, ஜாக் பீன்னு ஒரு அவரை, இதுலெல்லாம் இயற்கையாவே இருக்கு. 1926ல அமெரிக்காவுல ஜேம்ஸ் சம்னர் இந்த ஜாக் பீன்ல இருந்துதான் யூரியேஸைப் படிகமா பிரிச்செடுத்தாரு, உலகத்துல முதல்முதலா படிகமான என்சைமே இதுதான், அதுக்காக 1946ல நோபல் பரிசும் கிடைச்சது. வயலுக்குப் போடுறோமே, அதே யூரியாவை இது அமோனியாவாவும் கார்பனேட்டாவும் உடைக்கும், பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு, 7க்குக் கீழ அமிலம், மேல காரம்) 9 பக்கம் ஏறிடும், கூடவே கால்சியம் குளோரைடு கலந்திருந்தா கார்பனேட் அதோட சேந்து சுண்ணாம்புக்கல்லா படியும், அப்போ பக்கத்துல கரைஞ்சு கிடக்குற ஈயமும் காட்மியமும் ஒண்ணு தானாவே கார்பனேட்டா மாறிடும், இல்லன்னா அந்தக் கல்லுக்குள்ள போய் மாட்டிக்கும்.

லேப்ல இதைப் பாக்கவே நல்லா இருக்கும். சோயா மாவை ஊறவச்சு துணியில வடிகட்டுனா பால் மாதிரி ஒரு தண்ணி வரும். அதோட யூரியாவும் கால்சியம் குளோரைடும் சேத்து குழாயில நிரப்புன மணல்ல விட்டா, கொஞ்ச நேரத்துல அமோனியா வாடை மூக்கைத் துளைக்கும். ரெண்டு மூணு தடவை விட்டு விட்டு ஊத்தி ஊறவச்சப்புறம் குழாயைக் கவுத்தா மணல் உதிராது, கட்டியா நிக்கும். லென்ஸ் வச்சுப் பாத்தீங்கன்னா மணலும் மணலும் ஒட்டுற இடத்துல பொடிப்பொடியா வெள்ளைப் படிகம் தெரியும். இதே வேலையை பாக்டீரியாவை விட்டும் செய்யலாம், ஆனா பாக்டீரியா மைக்ரான் கணக்குல பெருசு, நம்ம ஊர் களி கலந்த செம்மண்ணோட இண்டு இடுக்குல அது நுழையாது, என்சைம் அதைவிட ரொம்பச் சின்னது, தண்ணி போற இடமெல்லாம் போகும்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். இந்தக் கல்லுக்கு எமன் அமிலம். சுண்ணாம்புக்கல்லுல எலுமிச்சை பட்டா நுரைச்சுக் கரையுதே, அதேதான், அமிலம் பட்டா கார்பனேட் கரைஞ்சு உள்ள இருந்த ஈயம் வெளிய வந்துடும். அதனால பழைய பேட்டரி உடைச்ச இடத்துல மண்ணுல இருக்குற சல்ஃப்யூரிக் ஆசிடை முதல்ல சரிபண்ணாம என்சைம் விட்டா காசுக்குக் கேடு, என்சைமும் செத்துப்போகும். இன்னொண்ணு, ஆரஞ்சுத் தோலும் வெல்லமும் போட்டு மாசக்கணக்குல ஊறவச்சு குரூப்பா போய் ஏரியில ஊத்துறாங்களே பயோ என்சைம், அது புளிச்ச அமிலத் தண்ணி, பிஹெச் 3, 4தான் இருக்கும், நான் சொல்ற யூரியேஸ் முறைக்கு நேர் எதிரானது. வீட்டுல தரை துடைக்க வச்சுக்கோங்க, தாராளமா. ஏரி வண்டல்ல படிஞ்சு கிடக்குற மெட்டல் மேல தயவுசெஞ்சு ஊத்தாதீங்க.

நம்ம வயித்துல இருக்குறதும் அமிலம்தான். இதை யோசிச்சா எனக்குப் பகீர்னு ஆகும். அந்தக் காலத்துல பெயிண்ட்ல போட்டு எத்தனையோ குழந்தைகளைக் கெடுத்த வெள்ளை ஈயமே ஒரு வகை ஈய கார்பனேட்தான். அப்போ என்சைம் போட்டு கெட்டியாக்குன மண்ணு போர் தண்ணியைக் காப்பாத்தும், ஆனா அதே மண்ணுல விளையாடிட்டு கையை வாயில வைக்குற குழந்தையைக் காப்பாத்தாது. மேல நல்ல மண்ணு கொட்டணும், இல்ல கான்கிரீட் போட்டு மூடணும், இந்த முறையை விக்கிறவங்க யாரும் இதைப் பேக்கேஜ்ல சேத்துச் சொல்றதே இல்ல.

பீன்யாவோட பிரச்சினை வேற. அங்க நிலத்தடி நீர்ல குரோமியம் கலந்தது ரொம்ப வருஷமா தெரிஞ்ச சங்கதி. குரோம் பிளேட்டிங் கழுவுன தண்ணி மஞ்சளா வருமே, அதுல இருக்குறது ஆறாம் நிலை குரோமியம், அது ஈயம் மாதிரி கார்பனேட்டோட சேராது. ஒரு யூனிட்ல ஆபரேட்டர் தம்பி பக்கெட்டைக் காட்டி, "என்சைம் பவுடர் போட்டு ராத்திரி பூரா வச்சேன் சார், கீழ வெள்ளையா படியுது, தண்ணி மட்டும் அப்படியே மஞ்சளா இருக்கே"ன்னான், அவன் பாத்தது சரிதான். பழைய முறையே இதுக்குப் போதும்: ஆசிட் விட்டு பிஹெச்சை 2, 3க்கு இறக்கி மெட்டாபைசல்ஃபைட்ங்கிற உப்பைப் போட்டா மஞ்சள் பச்சையா மாறும், அப்புறம் சுண்ணாம்பு போட்டு ஸ்லட்ஜா (சகதியா) படியவிட்டு, அதை அபாயக் கழிவுக்குன்னு இருக்குற இடத்துக்கு அனுப்பணும். ராத்திரியோட ராத்திரியா சாக்கடையில விட்டா அது விருஷபாவதி ஆத்துல போய், பைரமங்கலா ஏரி தாண்டி, அர்க்காவதியில சேந்து, சங்கமத்துல காவிரியில கலந்து மேட்டூருக்குத்தான் வரும். தமிழ்நாட்டுல இருக்குற நம்ம சொந்தக்காரங்க குடிக்குற தண்ணிங்க அது.

அப்புறம் அமோனியா. ஒரு கிலோ யூரியாவுல நைட்ரஜன் மட்டும் 460 கிராம், அவ்வளவும் அமோனியாவா மாறும், வெளிய விடுற கழிவுநீர்ல அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் இருக்கலாம்னு விதி, கணக்கு போட்டா ஒரு கிலோவை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 9,200 லிட்டர் தண்ணி வேணும். அதனால ஊத்துன கரைசலைத் திரும்ப உறிஞ்சி எடுத்து சுத்திகரிக்கணும். அப்படியே ஏரியில விட்டா ஆகாயத்தாமரைக்குத்தான் கொண்டாட்டம்.

யாராவது உங்க லேஅவுட்டுக்கோ யூனிட்டுக்கோ இதை விக்க வந்தா, எந்த மெட்டல், எந்த நிலையில இருக்குன்னு முதல்ல டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. பாதரசம், வெள்ளி, தாமிரம் அதிகமா இருந்தா யூரியேஸே படுத்துடும், அதையும் கேளுங்க. வெறும் தண்ணியில கழுவி எடுத்த ரிப்போர்ட்டை நீட்டுவாங்க, அதுல எல்லாம் நல்லாத்தான் தெரியும், அமிலத்துல போட்டு எவ்வளவு மெட்டல் கரைஞ்சு வெளிய வருதுன்னு பாக்குற லீச்சிங் டெஸ்ட் வேணும்னு சொல்லுங்க. பேட்டரி உடைக்குற இடம் பக்கத்துல குடியிருந்தா மண்ணு டெஸ்டுக்குக் காத்திருக்காம குழந்தைக்கு ரத்தத்துல ஈயம் பாத்துடுங்க, டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லியிருக்கு.