ஆயிரம் யார்டுக்கு எந்தத் தோட்டா? முதலில் தோளைக் கேளுங்கள்

போன கோடையில் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு தம்பி பயிற்சிக்கு வந்தார். ஒட்டாவா ஆற்றங்கரையில் இருக்கும் கொனாட் சுடுதளத்தில் அவருக்கு அதுதான் முதல் நாள். பெட்டியைத் திறந்தால் உள்ளே 300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள். உரிமம் கிடைத்து மூன்றே மாதம், அதுவரை அவர் சுட்டது உதையே இல்லாத 22 என்னும் சின்னத் தோட்டா மட்டும். “ஆயிரம் யார்டு போகணும்னா பெரிய தோட்டாதானே அண்ணா வேணும்?” என்றார். வாங்கிய இடத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் ஐந்து சுடுகள் நன்றாகவே விழுந்தன. பத்தைத் தாண்டியதும் துளைகள் கீழே சிதற ஆரம்பித்தன. அவர் தொலைநோக்கியைச் சந்தேகப்பட்டார். நான் அவருக்குத் தெரியாமல் வெடிமருந்தில்லாத டம்மித் தோட்டா ஒன்றை உள்ளே வைத்தேன். விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. ஆனால் தோள் முன்னே பாய்ந்தது, கண் இறுக மூடியது, குழலின் நுனி கீழே குத்தியது. உதைக்கு அஞ்சி உடல் தானாகச் செய்யும் வேலை இது, ஃபிளிஞ்ச் என்போம். ஒருமுறை பழகிவிட்டால் போக்குவதற்கு மாதக்கணக்காகும். இத்தனை வருடப் பயிற்சியில் புதியவர்கள் இலக்கைத் தவறவிடுவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

நாலரைக் கிலோ ரைஃபிளில் 300 வின்செஸ்டர் மேக்னம் தரும் உதை, 6.5 கிரீட்மோர் என்னும் நடுத்தரத் தோட்டா தருவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ‘மஸில் பிரேக் மாட்டிக்கொள்ளலாமே’ என்பார்கள், குழல் நுனியில் மாட்டி உதையைக் குறைக்கும் கருவி அது. ரைஃபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் எஃப் கிளாஸ் போட்டிகளில் அதற்கு அனுமதி கிடையாது. அனுமதி உள்ள இடத்திலும் பக்கத்தில் படுத்திருப்பவரின் காதில் அந்தச் சத்தம் அறையும்.

சரி, பெரிய தோட்டா என்னதான் தருகிறது? தூரம் என்று நினைக்கிறோம். 308 வின்செஸ்டரே 1000 யார்டு, அதாவது 914 மீட்டர், தாராளமாகப் போகும். குண்டு கீழே இறங்குவதைப் பற்றியும் கவலை வேண்டாம். புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது, கணக்குப் போட்டுத் தொலைநோக்கியில் திருப்பிக்கொள்ளலாம். மாறிக்கொண்டே இருப்பது காற்று.

காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் குண்டு இலக்கை அடைய எடுக்கும் நேரம் ஒன்று, உண்மையில் எடுக்கும் நேரம் இன்னொன்று. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். ஆக, முக்கியமானது புறப்படும் வேகம் மட்டுமில்லை, வழியில் குண்டு எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதுதான். 175 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) குண்டு போட்ட 308, நொடிக்கு 2,600 அடி வேகத்தில் புறப்பட்டால் 1000 யார்டை அடையச் சுமார் 1.7 நொடி ஆகும். வெற்றிடத்தில் என்றால் 1.15 நொடி. வித்தியாசம் அரை நொடியைக் கொஞ்சம் தாண்டுகிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் அது ஏறக்குறைய 95 அங்குல விலகல். 140 கிரெயின் ஒல்லிக் குண்டு போட்ட 6.5 கிரீட்மோரில் அதே காற்றில் சுமார் 70 அங்குலம்.

இந்த 25 அங்குலம் பெரிய லாபம்தான். ஆனால் காற்றை 2 மைல் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் பாருங்கள். 308-இல் 19 அங்குலம் தள்ளிப் போகும், கிரீட்மோரில் 14 அங்குலம். இலக்கில் முழுப் புள்ளி தரும் நடு வட்டம் ஏறக்குறைய 10 அங்குல அகலம். இரண்டுமே வெளியேதான். கொடிகளையும் கானலையும் பார்த்துக் காற்றைப் படிக்கத் தெரியாதவரை எந்தத் தோட்டாவும் காப்பாற்றாது. அதைக் கற்க வேண்டுமென்றால் நிறையச் சுட வேண்டும். நிறையச் சுட வேண்டுமென்றால் உதை தாங்க வேண்டும், பணம் தாங்க வேண்டும், குழலும் தாங்க வேண்டும்.

குழல் தேயும் என்பதைப் புதியவர்களிடம் யாரும் சொல்வதில்லை. 308-இலும் 6.5 கிரீட்மோரிலும் எரியும் மருந்து கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் கிரீட்மோரின் துளைப் பரப்பு 308-இன் துளையில் முக்கால் பங்குதான். அதே நெருப்பு குறுகலான வாய் வழியாகப் போகும்போது அந்த இடத்து உலோகத்தை அரித்துவிடுகிறது. நான் பார்த்த அளவில் 308 குழல் 5,000 சுடுகள் வரை போட்டித் தரத்தில் நிற்கும், கிரீட்மோர் 2,500 முதல் 3,000 வரை. மேக்னம் அதற்கும் குறைவு. புதுக் குழல் பொருத்தும் செலவில் ஒரு பருவத்துக்கான தோட்டாவே வாங்கிவிடலாம்.

இன்னொரு மாணவி 308 தான் வைத்திருந்தார், தேர்வு சரி. 600 யார்டில் அருமையாகச் சுட்டவர், 1000-க்குப் போனதும் இலக்குத் தாளையே தொடவில்லை. பெட்டியை வாங்கிப் பார்த்தேன். 168 கிரெயின் மேட்ச் குண்டு. மிகத் துல்லியமான குண்டுதான், ஆனால் 300 மீட்டர் போட்டிக்காகப் பிறந்தது. அதன் பின்புறச் சரிவு 13 பாகை, கொஞ்சம் செங்குத்து. 1000 யார்டை நெருங்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகமான நொடிக்கு 1,120 அடிக்கு இறங்கிவிடும். அந்த இடத்தில் இந்த வடிவம் தடுமாறும். 9 பாகைச் சரிவுள்ள 175 கிரெயின் குண்டுக்கு மாறினார், அன்று மாலையே தாளில் விழ ஆரம்பித்தது. தோட்டாவின் பெயர் ஒன்றுதான், உள்ளே உட்கார்ந்திருக்கும் குண்டு வேறு. ‘மேட்ச்’ என்று அச்சிட்டிருந்தால் போதாது, எந்தத் தூரத்துக்கான மேட்ச் என்று கேளுங்கள்.

குழலின் முறுக்கும், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள் வரிகளும், அப்படித்தான். 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள 223 ரைஃபிளில் 80 கிரெயின் நீளக் குண்டைப் போட்டால் அது நிலையாகச் சுழலாது, தாளில் பக்கவாட்டாகக் கிழித்துக்கொண்டு போகும். நீளக் குண்டுக்கு 7 அல்லது 8 அங்குல முறுக்கு வேண்டும்.

அப்புறம், எந்தப் போட்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். எஃப் கிளாஸ் இந்தக் கனடா மண்ணில் பிறந்தது. வயதாகிக் கண் மங்கி, தோல்வாரைக் கையில் இறுக்கிப் படுத்துச் சுட முடியாமல் போனவர்களும் தொடர்ந்து சுட வேண்டும் என்று ஜார்ஜ் ஃபார்குவார்சன் தொடங்கிவைத்தார். ஃபார்குவார்சன் என்ற பெயரின் முதலெழுத்துதான் ‘எஃப்’. அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. அதில் எஃப்-டிஆர் பிரிவில் 223, 308 இரண்டுக்கு மட்டுமே இடம், ரைஃபிளின் எடை 8.25 கிலோவுக்குள். ஓப்பன் பிரிவில் குழல் துளை 8 மில்லிமீட்டர் வரை எதுவும் சரி, எடை 10 கிலோ வரை. கிரீட்மோர் வாங்கிவிட்டு எஃப்-டிஆரில் பெயர் கொடுக்க வந்து திரும்பியவர்கள் உண்டு.

என்னைக் கேட்டால், எஃப்-டிஆர் ஆசை இருப்பவருக்கு 308. 1952 முதல் இருக்கும் தோட்டா, எங்கேயும் கிடைக்கும், தவறுகளைப் பளிச்சென்று காட்டும். விதிக் கட்டுப்பாடு இல்லாதவருக்கும் உதை தாங்காத மெல்லிய உடம்புக்காரருக்கும் 6.5 கிரீட்மோர். மேக்னம் மூன்றாவது ரைஃபிளாக வரட்டும். அதைவிடவும் பெரிய 338 லப்புவாவைப் பற்றிக் கேட்கிறவர்கள், தங்கள் சுடுதளத்தில் அனுமதிக்கும் ஆற்றல் அளவு என்ன என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய பிறகு சுட இடமில்லாமல் அலமாரியில் பூட்டிவைத்த கதைகள் கேட்டிருக்கிறேன்.

தேர்வில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இருக்கிறது. இரண்டு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஒரே மேசையில் இரண்டு வகைத் தோட்டாவைத் திறந்து வைக்காதீர்கள். 300 பிளாக்அவுட் தோட்டா 223 ரைஃபிளுக்குள் நுழைந்துவிடும். குழலைவிடப் பெரிய குண்டு அது, விசையை இழுத்தால் ரைஃபிள் முகத்தருகே வெடிக்கும். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள். மருந்து அளந்து தாங்களே நிரப்புகிறவர்கள், நண்பர் சொன்ன அளவை அப்படியே போடாதீர்கள். மருந்து, குண்டு நிறுவனங்களின் கையேட்டில் தொடக்க அளவு இருக்கும், அங்கிருந்து ஏறுங்கள்.

அந்தத் தம்பி மேக்னத்தை விற்கவில்லை. பெட்டியில் வைத்துவிட்டு, என்னுடைய பழைய 308-ஐ இரவல் வாங்கி அந்தக் கோடை முழுக்கச் சுட்டார். செப்டம்பரில் மறுபடி டம்மித் தோட்டா வைத்துப் பார்த்தேன். விசை ‘டிக்’ என்றது, குழலின் நுனி அசையவில்லை.