மழைக்கு முளைத்த வெள்ளைக் குடை

ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்தால் போதும், என் போனில் காளான் படங்கள் குவிந்துவிடும். "அண்ணா, இதைச் சமைக்கலாமா?" படத்தை வைத்து நான் பதில் சொல்வதில்லை. சிலருக்குக் கோபம்கூட வருகிறது. இத்தனை வருடமாக, இயற்கையின் போக்கைப் பின்பற்றும் பெர்மாகல்ச்சர் தோட்டமும் காளான் குடிலும் வைத்திருப்பவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று.

தெரியும் என்று நினைத்துத்தான் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் 1970-களில் பில் மோலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் வகுத்த இந்தப் பெர்மாகல்ச்சர் முறையில், மண்ணை வெறுமனே வெயிலில் காயவிட மாட்டோம். வைக்கோல், சருகு, கிளைத்தூள் என்று மூடாக்கு கிடந்துகொண்டே இருக்கும். அதை மட்க வைப்பதில் பெரிய பங்கு பூஞ்சைகளுக்கு. ஆகவே காளான் தலைகாட்டினால் எங்களுக்குச் சந்தோஷம்தான். அந்த வருடம் கொய்யாப் பாத்தியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடைகள். சாப்பிடக்கூடிய புற்றுக்காளான் என்று நானே முடிவுகட்டி, மிளகு போட்டு வறுத்தேன். ருசியில் குறையே இல்லை! இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் எழுந்து உட்கார முடிந்தது.

அது குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ் என்ற விஷக் காளான். புற்றுக்காளானைத் தோண்டினால் தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். இதற்கு அந்த வேர் கிடையாது. நான் எங்கே தோண்டினேன், ஒடித்தல்லவா எடுத்தேன்! குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, பாத்திரத்தால் மூடி, ராத்திரி முழுக்க வைத்தால், காளானுக்கு விதை மாதிரியான வித்துத்தூள் படியும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்பு, இதற்கு மங்கிய பச்சை. நிறம் ஒத்துப்போனதும் அடுப்பை மூட்டிவிடாதீர்கள். வேண்டாம் என்று ஒதுக்கத்தான் இந்தச் சோதனை உதவும்.

அப்புறம் அந்த வெள்ளிக் கரண்டி வைத்தியம். காளானோடு போட்ட கரண்டி கறுக்காவிட்டால் நல்ல காளான், மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறியும், பூச்சி தின்றிருந்தால் நாமும் தின்னலாம்... ஒன்றையும் நம்ப முடியாது. அமானிட்டா என்ற காளான் இனத்தில் சிலவற்றில் இருக்கும் அமாடாக்சின் என்ற விஷம் கொதித்தாலும் காய்ந்தாலும் அழியாது. அவற்றை நத்தைகள் மேய்ந்துவிட்டு நிம்மதியாகப் போகும்.

எனக்கு வந்தது அதிர்ஷ்டமான வாந்தி என்றுதான் சொல்வேன், சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிட்டது. அமாடாக்சின் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குப் பிறகே, சில சமயம் மறுநாள்தான் வேலையைக் காட்டும். வயிற்றுப்போக்கு நின்று, 'சரி, தேறிவிட்டோம்' என்று தோன்றும் வேளையில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 10 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

சாப்பிட்டுவிட்டுச் சந்தேகம் வந்தால் உடம்பு கெடும்வரை காத்திருக்க வேண்டாம். மிச்சமிருக்கும் காளானைக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் சீக்கிரம் அழுகிவிடும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

எங்கள் அடுப்புக்கு இப்போது குடிலில் வளர்த்த சிப்பிக் காளான்தான், வெயில் காலத்தில் பால் காளான். கொய்யாப் பாத்தியில் அந்த வெள்ளைக் குடைகள் இன்றும் முளைக்கின்றன. மண்ணுக்கு வேலை செய்கின்றன, நான் பிடுங்குவதில்லை. தங்கை பிள்ளைகள் லீவுக்கு வந்தால் மட்டும் மேலே கூடையைக் கவிழ்த்து ஒரு கல்லை வைத்துவிடுவேன்.