ஹெட் உட்கார்ந்துவிட்டால் போதுமா?

இன்ஜினில் பிஸ்டன்கள் ஓடும் பிளாக்குக்கும், வால்வுகளோடு அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர்களுக்கான பெரிய வட்டங்கள், சுற்றிலும் போல்ட் துளைகள். அவற்றுக்கு நடுவே பூச்சி அரித்ததுபோலச் சிறிதும் பெரிதுமாக வேறு பல ஓட்டைகள்: கூலன்ட் போய்வர, ஆயில் மேலே ஏற, ஏறிய ஆயில் கீழே வடிய. பழைய மாடலின் பிளாக்கில் புதிய மாடலின் ஹெட்டைப் பூட்டலாமா என்று கேட்பவர்கள் பெரிய வட்டங்களைத்தான் பார்க்கிறார்கள். வம்பெல்லாம் அந்தப் பூச்சி அரித்த ஓட்டைகளில் இருக்கிறது.

வட்டங்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. அடுத்தடுத்த சிலிண்டர் மையங்களுக்கு இடையிலான தூரத்தை மாற்றினால், தொழிற்சாலையில் துளையிடும் இயந்திரங்களையே மாற்ற வேண்டிவரும். செவ்ரோலெட்டின் 'ஸ்மால் பிளாக்' வி8 இன்ஜின் 1955இல் 4.4 அங்குல இடைவெளியுடன் வந்தது. 1997இல் புதிதாக வடிவமைக்கப்பட்டு வந்த எல்எஸ் இன்ஜினிலும் அதே 4.4 அங்குலம்தான். ஆனால் பழையதில் ஒவ்வொரு சிலிண்டரையும் ஐந்து போல்ட்டுகள் சூழ்ந்து நிற்கும், எல்எஸ்ஸில் நான்கு. எல்எஸ்ஸின் ஹெட் பழைய பிளாக்கில் ஏறாது.

ஏறாத ஹெட்டால் தொல்லையில்லை, தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். ஏறிவிடுகிற ஹெட்தான் ஆபத்து. அந்த இரண்டு இன்ஜின்களுக்கும் நடுவில், 1992இல் வந்த எல்டி1 இன்ஜினில் போல்ட் வரிசை பழையபடியே இருந்தது. கூலன்ட் ஓடும் திசை மட்டும் தலைகீழாகிவிட்டது. முன்பு பிளாக்கைச் சுற்றிவிட்டு ஹெட்டுக்கு ஏறிய கூலன்ட், இதில் முதலில் ஹெட்டுக்குப் போய்ப் பிறகு பிளாக்குக்கு இறங்கும். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளே நீர்வழிகள் வேறு.

ஹோண்டாவின் பி வரிசை இன்ஜின்களில் சிக்கல் ஆயிலில். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வுகளை அதிகமாகத் திறக்கும் ஏற்பாடுதான் விடெக். விடெக் இல்லாத பி18 பிளாக்கில் விடெக் ஹெட்டைப் பூட்டுவது பலரும் செய்திருக்கும் வேலை. விடெக் இயங்க ஹெட்டுக்கு அழுத்தமான ஆயில் தனியே வேண்டும். அந்த பிளாக்கில் அதற்கான வழி கிடையாது. அதனால் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்திலிருந்து வெளியே ஒரு ஹோஸ் இழுத்து ஹெட்டுக்குக் கொடுத்து, ஹெட்டின் அடியில் இருக்கும் பழைய வழியை அடைத்துவிடுவார்கள்.

இதெல்லாம் சரியானாலும் கணக்கு ஒன்று பாக்கியிருக்கிறது. பிஸ்டன் ஒரு வீச்சில் 400 சிசி நகர்த்துகிறது, மேலே மிஞ்சும் இடம் 50 சிசி என்றால், மொத்தம் 450ஐ 50ஆல் வகுக்க, அழுத்த விகிதம் 9. புதிய ஹெட்டின் குழிவு சிறியதாகி, அந்த இடம் 40 சிசி ஆனால் விகிதம் 11. பத்தே சிசி! முன்பு ஊற்றிய அதே பெட்ரோலில் இன்ஜின் 'நாக்' அடிக்க, அதாவது எரிபொருள் தானாகவே வெடித்துத் தட்டத் தொடங்க, அது போதும்.

கடைசியாக, திறக்கும் வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்பது. பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையைத் தட்டையாக அப்பி, ஒட்டாமலிருக்க வால்வில் ஆயில் தடவி, ஹெட்டைப் பூட்டி, வால்வு திறந்து மூடும் டைமிங்கை வைத்து, பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் கிராங்க்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுவார்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் அறுத்து, மிக மெல்லிய இடத்தை அளப்பார்கள். காற்று நுழையும் இன்டேக் பக்கம் 2 மில்லிமீட்டர், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 என்பது வழக்கமான எல்லை. எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும். அது மூடும்போது பிஸ்டனும் துரத்திக்கொண்டு மேலே வரும். களிமண் கிழிந்து பிஸ்டனின் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், வால்வுக்கான பள்ளம் ஆழமாக உள்ள வேறு பிஸ்டனைத் தேட வேண்டியதுதான்.